750க்கு 282: அம்பேத்கர் என்னும் மாணவரும் ஆசிரியரும்

1907ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிய பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் பெற்ற மதிப்பெண்கள் 750க்கு 282. விழுக்காட்டில் 38ஐக்கூட எட்டாத எண் அது. பெயரை மறைத்துவிட்டு இந்த மதிப்பெண் பட்டியலை இன்றைய பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறையில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதேனும் கைத்தொழிலுக்கு அனுப்பிவிடலாம் என்பார் ஓர் ஆசிரியர். பாவம், அந்தச் சூழலிலிருந்து வரும் பிள்ளை இவ்வளவு வாங்கியதே பெரிது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பார் மற்றோர் ஆசிரியர். முன்னவருக்குக் கண்டிப்பானவர் என்றும் பின்னவருக்கு இரக்கமுள்ளவர் என்றும் பெயர். ஆனால் அந்த மாணவரிடமிருந்து மேற்கொண்டு எதையும் எதிர்பார்க்காததில் இருவரும் ஒன்றுபட்டு நிற்கிறார்கள்.

பின்தங்கும் மாணவர்களை என்ன செய்வது என்ற விவாதம் மீண்டும் சூடுபிடித்திருக்கும் காலம் இது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட விதிகள், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதவர்களை நிறுத்திவைக்க வழிசெய்தன. தமிழ்நாடு அரசு தன் பள்ளிகளில் பழைய நடைமுறையே தொடரும் என்று அறிவித்தது. இந்த விவாதத்தில் இரு தரப்பினரும் அம்பேத்கரைத் துணைக்கு அழைக்கின்றனர். தெருவிளக்கில் படித்து அவர் முன்னேறவில்லையா, உனக்கு மட்டும் என்ன குறை என்று தலித் மாணவரின் முதுகில் விழும் பிரம்பாக அவர் வாழ்க்கை பயன்படுத்தப்படுகிறது. எத்தனை துன்பங்களைத் தாங்கினார் பாருங்கள் என்று கண்ணீர் வரவழைக்கும் கதையாகவும் அது சொல்லப்படுகிறது. அந்த வாழ்க்கையில் யார் அவருக்கு என்ன கொடுத்தார்கள், யார் அவரிடம் என்ன கேட்டார்கள் என்ற கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது என்று கருதுகிறோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைமுகாமில், சுபேதார் ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தவர் அவர். ராம்ஜி படைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். இந்தச் செய்தி பெரும்பாலும் போகிறபோக்கில் சொல்லப்படுகிறது, ஆனால் முதன்மையானது. தீண்டப்படாத மகர் குடும்பம் ஒன்றில் எழுதப்படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்த தந்தை, மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் தொட்டு மகர்களைச் சேர்த்துக்கொண்ட படையும், அது நடத்திய பள்ளிகளும் இல்லையென்றால் அப்படியொரு தந்தை வாய்த்திருக்க மாட்டார்.

1900 நவம்பர் 7 அன்று சாத்தாரா அரசுப் பள்ளியின் பதிவேட்டில் சிறுவனின் பெயர் ஏறியது. அந்நாளை மராட்டிய மாநில அரசு இப்போது மாணவர் நாளாகக் கடைப்பிடிக்கிறது. அப்பள்ளியில் அவன் உட்கார்ந்தது, வீட்டிலிருந்து சுமந்துவந்த கோணித்துணியின் மேல். தாகமெடுத்தால் பள்ளிப் பணியாளர் உயரத்திலிருந்து நீர் ஊற்ற வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. வடமொழி படிக்க விரும்பினான். தீண்டப்படாத சிறுவனுக்கு அதைக் கற்பிக்க ஆசிரியர் உடன்படவில்லை. பாரசீகம் படிக்க நேர்ந்தது.

அதே பள்ளியில் இரு பார்ப்பன ஆசிரியர்கள் அவனிடம் அன்பு காட்டினார்கள். ஒருவர் தம் உணவில் ஒரு பங்கை இடைவேளையில் நாள்தோறும் அவனுக்குக் கொடுத்தார். அம்பேத்கர் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததாகவே வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பெண்ட்சே என்ற மற்றவர், மழையில் தெப்பமாக நனைந்து வந்த சிறுவனைத் தம் மகனுடன் வீட்டுக்கு அனுப்பி, வெந்நீரில் குளிக்கவைத்து, உடுத்திக்கொள்ள உலர்ந்த துணி கொடுக்கச் செய்தார். அம்பேத்கர் இவர்களை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. நாமும் அவர்களைக் குறைத்துப் பேசப்போவதில்லை. ஆயினும் சோற்றுக்கும் உலர்ந்த துணிக்கும் பிறகு சிறுவன் திரும்பிச்சென்று உட்கார்ந்தது அதே கோணியில்தான். தனி மனிதரின் இரக்கம் வகுப்பறையின் விதியைத் தொடவில்லை.

இந்தப் பள்ளியில் பீமராவ் நல்ல மாணவனாகவும் இருக்கவில்லை. தாய் மறைந்திருந்தார். தந்தையின் மறுமணம் சிறுவனுக்குப் பிடிக்கவில்லை. தோட்ட வேலையில் நாட்டம் போயிற்று. பிறகு ஆடு மேய்த்தான். சாத்தாரா ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினான். ஆசிரியர்கள் அவன்மீது நம்பிக்கை இழந்தார்கள். சாத்தாராவிலிருந்து பிள்ளைகள் பம்பாய்க்கு ஓடிப்போய் ஆலைகளில் வேலைக்குச் சேர்வதைக் கேள்விப்பட்டு, தானும் போக முடிவுசெய்தான். பயணச்செலவுக்கு வழி, அருகே உறங்கும் அத்தை இடுப்பில் செருகியிருக்கும் பணப்பை. மூன்று இரவுகள் முயன்றும் கைகூடவில்லை. நான்காம் இரவு பை அகப்பட்டது. உள்ளே இருந்தது அரை அணா. வெட்கம் அவனைப் பிடித்துக்கொண்டது. தந்தையை அண்டிப் பிழைக்கும் நிலையிலிருந்து விடுபட வேண்டுமானால் படிப்பு ஒன்றே வழி என்று அன்று முடிவுசெய்தான். சில காலத்தில், அவனைக் கைவிட்டிருந்த அதே ஆசிரியர்கள் ராம்ஜியை அழைத்து, பையனை எப்பாடுபட்டாவது மேலே படிக்கவையுங்கள் என்று சொல்லும் அளவுக்கு மாறினான்.

இந்த நிகழ்ச்சியை விடலைப் பருவக் குறும்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். பள்ளியிலிருந்து நழுவிப்போகவிருந்த ஒரு தலித் சிறுவனின் கதையாகவே நாம் இதைப் பார்க்கிறோம். அந்தப் பையில் இரண்டு ரூபாய் இருந்திருந்தால்? மாணவர் வருகைப் பதிவேட்டில் தொடர்ச்சியாகச் சிவப்பு விழுந்து, ஒருநாள் பெயரே நீக்கப்படுகிற எத்தனையோ பிள்ளைகளில் ஒருவனாக அவனும் ஆகியிருப்பான். பின்னாளைய மேதையின் அறிகுறிகள் எதுவும் அப்போது ஆசிரியர்களின் கண்ணுக்குப் படவில்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும்.

1904ஆம் ஆண்டுவாக்கில் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேலில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை. சமையலும் படுக்கையும் விறகும் அதற்குள்ளேயே. இங்கேதான் நாம் தேடும் ஆசிரியரைச் சந்திக்கிறோம். மகனை மாலையிலேயே உறங்கவைத்துவிட்டு ராம்ஜி விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பிப் படிக்க உட்காரவைத்த பிறகே தாம் படுப்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் காலை நீட்ட அறையில் இடமில்லை. மகன் கேட்கும் புத்தகத்தை வாங்கப் பணம் இல்லாதபோது, மணமாகிப் போயிருந்த மகள்களிடம் கடன் கேட்பார். அவர்களிடமும் இல்லையென்றால் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். கண்டிப்பான தந்தை அவர். ஆனால் இரண்டு மணிக்கு எழுந்து படி என்று சொன்னவர், தாம் இரண்டு மணி வரை உறங்கவில்லை.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்து ஒரு கணக்கைச் செய்யச் சொன்னார். அழைப்பைக் கேட்டதும் வகுப்பில் கூச்சல் எழுந்தது. சாதி இந்து மாணவர்கள் கரும்பலகைக்குப் பின்னால் தங்கள் உணவுப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். அவர் பலகையை அடைவதற்குள் ஓடிச்சென்று பெட்டிகளை அள்ளி வீசினார்கள். அதன்பிறகுதான் கணக்கு. எல்லா மாணவரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறோம் என்று பெருமைப்படும் ஆசிரியர்கள் இந்தக் காட்சியை மனத்தில் கொள்ள வேண்டும். கணக்கு எல்லோருக்கும் ஒன்று. கரும்பலகை வரை நடந்துசெல்லும் தூரம் ஒன்றன்று.

ஆக, 282 என்பது இத்தனையையும் கடந்து வந்த எண். இன்றைய கட்-ஆஃப் கணக்கில் அது எங்கும் நிற்காது. அன்று மகர் சமூகத்தில் மெட்ரிகுலேஷன் தேறுவது அரிது என்பதால் பாராட்டுக் கூட்டமே நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். வில்சன் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், மராத்தி எழுத்தாளர். சர்னி சாலைத் தோட்டத்தில் மாலைதோறும் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருந்த மாணவரைக் கண்டு பேச்சுக்கொடுத்து அறிமுகமானவர். கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். கேலுஸ்கர் புத்தகத்தோடு நிற்கவில்லை. இண்டர்மீடியட்டுக்குப் பின் குடும்பத்தால் படிக்கவைக்க இயலாத நிலை வந்தபோது, மாணவரை பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் நேரில் அழைத்துச்சென்றார். மன்னர் கேள்விகள் கேட்டார், விடைகள் மனநிறைவளித்தன, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் பேராசிரியர் முல்லர் புத்தகங்களும் உடைகளும் கொடுத்தார். அதே கல்லூரியின் விடுதிக்காரர் தேநீரோ தண்ணீரோ கொடுக்க மறுத்தார். உடல்நலக் குறைவால் ஓராண்டு வீணாயிற்று. 1912இல் பி.ஏ. முடித்தார். 1913 பிப்ரவரியில் ராம்ஜி மறைந்தார்.

அவ்வாண்டு ஜூன் மாதம் பரோடா அரசுடன் ஓர் ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க மூன்றாண்டு உதவித்தொகை. படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடாவில் பணி. கொலம்பியாவில் அவர் ஏற்ற பாடங்களின் பட்டியலே மலைக்கவைக்கும்: பொருளியல், வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானுடவியல், அரசியல் என்று பல துறைகளில் பல வகுப்புகள். செலிக்மன், ஜான் டூயி போன்றோர் ஆசிரியர்கள். உட்காரக் கோணி தேவைப்படாத வகுப்பறை அது. 38 விழுக்காட்டை எட்டாத மாணவர் இங்கே இப்படி மலர்ந்தார் என்றால், மாறியது மாணவரின் மூளை அன்று என்பது தெளிவு. 1915இல் எம்.ஏ.; 1916இல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேடு; அதே ஆண்டு லண்டன் பொருளியல் பள்ளி.

1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, ஒப்பந்தப்படி பரோடாவுக்குத் திரும்பினார். நிதியமைச்சராக உயர்த்தும் எண்ணம் மன்னருக்கு இருந்தது. ஆனால் அலுவலகப் பணியாளர் கோப்புகளைத் தொலைவிலிருந்து எறிந்தார். தங்க வீடு இல்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அரசுக் குடியிருப்பு ஒன்றைப் பெறும் முயற்சியும் பலிக்கவில்லை. ஒரு மரத்தடியில் அமர்ந்து அழுதுவிட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார். பத்தாண்டுகள் பணி செய்தாக வேண்டும் என்று எழுதி வாங்கத் தெரிந்த அரசுக்கு, அந்த அலுவலருக்குத் தலைக்குமேல் ஒரு கூரை தரும் கடமை தனக்கு இருப்பது தெரியவில்லை. பின்னாளில் படிப்புக்குச் செலவான பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதங்களும் அனுப்பியது. சயாஜிராவின் உதவியை நாம் மறுக்கவில்லை. அது இல்லையேல் கொலம்பியா இல்லை. பொறுப்பு என்ற சொல்லை ஒருதலையாகவே பயன்படுத்தும் பழக்கம் எத்தனை பழையது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். தீண்டப்படாதவர் என்ன கற்பித்துவிடப்போகிறார் என்ற அலட்சியம் முதலில் மாணவர்களிடம் இருந்தது. அவர் அதற்குச் சொற்பொழிவில் பதில் சொல்லவில்லை. ஆழ்ந்து தயாரித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். மெல்ல மெல்ல வகுப்பு நிறைந்தது. பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று வந்து கேட்டார்கள். ஆசிரியர் அறையிலோ, பொதுப் பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதற்குச் சக பேராசிரியர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சாத்தாராவின் தண்ணீர்ப் பானை சிடன்ஹாம் வரை தொடர்ந்து வந்தது.

சம்பளத்தில் சேமித்ததும், கோல்காப்பூர் சாகு மகராஜின் உதவியும், நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடனுமாகச் சேர்த்துக்கொண்டு 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். நூலகம் திறக்கும்போது நுழைந்து, மூடும்போது வெளியேறும் நாள்கள். இரவுப் பசிக்கு நான்கு அப்பளங்கள். 1921இல் எம்.எஸ்சி. பட்டம். 1922இல் ரூபாயின் சிக்கல் பற்றிய டி.எஸ்சி. ஆய்வேட்டை அளித்தார். பிரித்தானிய நாணயக் கொள்கை இந்தியர்களுக்கு இழைத்த தீங்கை அது வெளிப்படையாகச் சாடியது. தேர்வாளர்களுக்கு அது உவப்பாக இல்லை. 1923இல், ஆய்வேட்டைத் திருத்தி எழுதித் தர வேண்டும் என்ற செய்தியை அவருடைய நெறியாளர் எட்வின் கேனன் தெரிவித்தார். கையில் பணமில்லை, லண்டனில் தங்கி எழுத வழியில்லை. கப்பலேறிப் பம்பாய் வந்து, வழக்கறிஞர் தொழிலுக்கான ஏற்பாடுகளுக்கிடையே திருத்தி எழுதி அனுப்பினார். தம் முடிவுகளை விட்டுக்கொடுக்கவில்லை. சொன்ன முறையை மாற்றினார். அவ்வாண்டே ஏற்கப்பட்டது, நூலாகவும் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதிய கேனன், நூலாசிரியரின் வாதங்கள் பலவற்றோடு தமக்கு உடன்பாடில்லை என்று அதிலேயே எழுதினார்.

கேனனின் இந்த நடத்தை நம்மைப் பெரிதும் ஈர்க்கிறது. தொலைதூரத்திலிருந்து வறுமையோடு வந்த மாணவர் என்று ஆய்வேட்டை அப்படியே தேற்றிவிட அவர் முயலவில்லை. தம் கருத்துக்கு மாறானது என்று கைவிடவும் இல்லை. திருத்தச் சொன்னார், காத்திருந்தார், திருத்திய பிறகு தம் பெயரை முன்னால் வைத்து நூலை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தார். நம் கல்லூரிகளில் எத்தனை தலித் ஆய்வு மாணவர்களின் ஆய்வேடுகள், நெறியாளர் ஒரு வரியும் எழுதித் தராமலே ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன! டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய பாகுபாடு பற்றி 2007இல் தோரட் குழு அளித்த அறிக்கையிலும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சொன்ன குறைகளில் முதன்மையான ஒன்று, ஆசிரியர்கள் தங்களுக்குப் போதிய நேரமும் வழிகாட்டலும் தருவதில்லை என்பதே. அலட்சியம் பல நேரங்களில் கண்டிப்பின் உடையை அணிந்துகொள்கிறது. சில நேரங்களில் இரக்கத்தின் உடையை.

1924 ஜூலையில் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபையின் முதல் வேலைகளில் ஒன்று, 1925 ஜனவரியில் சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகத் திறந்த விடுதி. உணவு, உடை, எழுதுபொருள் எல்லாம் விடுதியின் செலவு. மாணவர்கள் தாங்களே ஓர் இதழும் நடத்தினார்கள். பள்ளிக்கு முன்பு விடுதி என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஓர் அறையில் இரண்டு பேர் காலை நீட்ட முடியாத வீட்டில் படித்தவருக்கு அந்த வரிசை தெரிந்திருந்தது.

பம்பாய் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானதும், 1927 மார்ச் 12 அன்று கல்வி மானியத்தின்மீது பேசினார். தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு குழந்தைகளில் நான்காம் வகுப்பை எட்டுவது 18 பேரே. மீதி 82 பேர் எழுத்தறியாமைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்று கணக்கு வைத்தார். பள்ளியில் நுழையும் ஒவ்வொரு குழந்தையும் வாழ்நாள் முழுதும் எழுத்தறிவை இழக்காத நிலையை அடைந்த பிறகே வெளியேற வேண்டும். தொடக்கக் கல்வியின் நோக்கம் அதுதான் என்றார். கல்விக்கு நபர் ஒருவருக்கு அரசு செலவிடுவது 14 அணா. கலால் வரியாக அதே நபரிடமிருந்து பெறுவது இரண்டு ரூபாய்க்கும் மேல் என்பதையும் சுட்டிக்காட்டினார். இடையில் நின்ற 82 குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது அவர்களின் சோம்பலையோ பெற்றோரின் அறியாமையையோ அவர் முன்வைக்கவில்லை. அரசின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

அதே ஆண்டு, பல்கலைக்கழகச் சட்ட விவாதத்தில் இன்னும் கூர்மையாகப் பேசினார். கல்வி வேறு, தேர்வு வேறு. தரத்தை உயர்த்துகிறோம் என்ற பெயரில் தேர்வுகளை எட்டாக்கனியாக்கி, இதுவரை பல்கலைக்கழக வாயிலை மிதிக்காத சமூகங்களை முற்றாக வெளியே நிறுத்துகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நுழைவுத் தேர்வுகளின் காலத்தில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதைப் படித்துவிட்டு, அம்பேத்கர் தரத்தைத் தளர்த்தச் சொன்னவர் என்று முடிவுகட்டினால் தவறு. அரசுச் சட்டக் கல்லூரியில் கற்பித்து, 1935 ஜூனில் அதன் முதல்வரான அவர், வகுப்புக்குத் தயாரிக்காமல் வருவதைத் தமக்கும் அனுமதித்துக்கொள்ளவில்லை, பிறருக்கும் அனுமதிக்கவில்லை. தலித் மாணவர்கள் தேறினால் போதும் என்று அவர் நினைத்ததில்லை. முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். 1942இல் வைசிராயின் செயற்குழு உறுப்பினராக அவர் அளித்த விண்ணப்பத்தில், பட்டியல் சாதி மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கவும் வெளிநாடு செல்லவும் நிதி கேட்டார். அதன் விளைவாக 1944 முதல் ஆண்டுக்கு மூன்று லட்ச ரூபாய் ஒதுக்கப்பட்டது. இன்றைய மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையின் தொடக்கம் அதுவே. ஒரு கையால் தேர்வின் கொடுமையை எதிர்த்தவர், மறு கையால் மிகக் கடினமான படிப்புகளுக்கு நம் பிள்ளைகளைத் தள்ளினார். இவ்விரண்டும் முரண் என்று நமக்குத் தோன்றவில்லை. தேர்வு வடிகட்டுவதற்கு இருக்கிறதா, வளர்ப்பதற்கு இருக்கிறதா என்பதே அவர் கேள்வி.

1945 ஜூலையில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு ஜூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது. அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஏழை மாணவர்களுக்காக வகுப்புகள் காலையில் நடந்தன. பாடத்திட்டத்தைக் குறைக்கவில்லை, மணியை மாற்றினார்கள். 1950இல் அவுரங்காபாத்தில், உயர்கல்வி வாய்ப்பு மிகக் குறைவாக இருந்த மராத்வாடா பகுதியில், இன்னொரு கல்லூரி. பின்னர் அதற்கு மிலிந்த் என்றும் வளாகத்துக்கு நாகசேனவனம் என்றும் பெயர் சூட்டினார். மிலிந்தன் துறவி நாகசேனரை விடாமல் கேள்வி கேட்ட கிரேக்க மன்னன். கேட்பவனின் பெயர் கல்லூரிக்கு. விடை சொல்லக் கடமைப்பட்டவரின் பெயர் வளாகத்துக்கு. வகுப்பறையில் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதில் அவருக்கு இருந்த பார்வை இந்தப் பெயர்களில் தெரிகிறது.

படித்து முடித்தவர்களிடம் மட்டும் அவர் இரக்கம் காட்டவில்லை. 1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் திரண்ட மக்கள்முன், படித்த நம்மவர்கள் சமூகத்துக்கு உழைப்பார்கள் என்று நம்பியிருந்தேன், அவர்கள் தம் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற பொருளில் வேதனையோடு பேசினார். கிராமங்களில் நிலமின்றி அடிபடும் தொழிலாளர்களுக்குத் தாம் இன்னும் போதிய அளவு செய்யவில்லையே என்ற வருத்தமும் அந்தப் பேச்சில் கலந்திருந்தது. பிறரிடம் கணக்குக் கேட்ட அதே மேடையில் தம் கணக்கையும் விரித்துவைத்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 5 இரவு, டெல்லி அலிப்பூர் சாலை இல்லத்தில், உடல் மிகவும் நலிந்திருந்த நிலையில், புத்தரும் அவர் தம்மமும் நூலுக்கான முன்னுரையின் தட்டச்சுப் படிகளைத் திருத்துவதற்காகத் தம் படுக்கைக்கருகே வைக்கச் சொன்னார். மறுநாள் காலை அவர் எழவில்லை.